தலைவர்கள் பறக்கிறார்கள், நான் மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?

காலநிலை மாநாட்டுக்குத் தலைவர்கள் தனி விமானங்களில் வந்து இறங்குகிறார்கள். மேடையில் நின்று உலகம் ஆபத்தில் இருக்கிறது என்கிறார்கள். முடிந்ததும் அதே விமானத்தில் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டு, எப்போதாவது பறக்கும் நான் ஏன் என் பயணத்தை விட வேண்டும்? இதுதான் கேள்வி. இதிலுள்ள கோபம் நியாயமானது. ஆனால் தலைவரின் பயணம், தலைவரின் முடிவு, உங்கள் பயணம் என்று வெவ்வேறு கணக்குகள் இதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால்தான் யார் எதற்குப் பொறுப்பு என்பது புரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தலைவரை அவர் போட்ட கையெழுத்துகளை வைத்துத்தான் முதலில் எடைபோட வேண்டும். அவர் பறப்பதால் காற்றில் சேரும் புகை மிகக் குறைவு. அவர் போடாமல் விட்ட வரியாலும், அனுமதித்த ஓடுபாதையாலும் சேரும் புகை அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. அதற்காக அவருடைய சொந்தப் பயணம் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது கெடுப்பது காற்றை விட அதிகமாக மக்களின் நம்பிக்கையை. அப்புறம், உங்கள் பயணத்தின் கணக்கு இவை இரண்டையும் நம்பி இல்லை.

அளவிலிருந்து தொடங்கலாம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. எரிபொருளிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை அப்படிக் கூடுகிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பும் சாதாரண வகுப்புப் பயணி ஒருவரின் பங்கு ஏறக்குறைய ஒரு டன். உலகச் சராசரியாக ஒரு மனிதருக்கு வரும் ஓராண்டு உமிழ்வே ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவுதான். ஏழை நாடுகள் பலவற்றில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரு டன்கூட வருவதில்லை.

உலகின் மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். ஆனால் விமானம் விட்டுச் செல்வது அந்த வாயுவை மட்டும் அல்ல. உயரத்தில் உருவாகும் வெண்புகைத் தடங்கள் சில வேளைகளில் மெல்லிய மேகமாகப் பரவி, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்துவைக்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளும் தங்கள் பங்குக்கு வெப்பத்தைக் கூட்டுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால், மனிதச் செயல்கள் பூமியைச் சூடாக்குவதில் விமானத்தின் பங்கு சுமார் 3.5 சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சிறிய சதவீதத்தைக் காட்டி, விமானத்தை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த உமிழ்வை உண்டாக்குபவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். 2018-ல் உலக மக்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினார்கள். நாடு விட்டு நாடு பறந்தவர்கள் அதிகபட்சம் 4 சதவீதம். பயணிகள் விமானங்களின் உமிழ்வில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் உலக மக்கள்தொகையில் வெறும் ஒரு சதவீதம் பேர். வாரா வாரம் பறப்பவர்கள், விசாலமான வகுப்பில் நெடுந்தூரம் போகிறவர்கள், தனி விமானம் வைத்திருப்பவர்கள் எல்லாம் அதற்குள் அடங்குவார்கள். அதனால் ‘நாம் எல்லோரும் குறைக்க வேண்டும்’ என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆண்டு விமானமே ஏறாத பத்தில் ஒன்பது பேரையும் அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

தனி விமானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் உலகம் முழுக்கப் பறந்த தனி விமானங்கள் வெளியிட்டது சுமார் 1.56 கோடி டன் கரியமில வாயு. 2019-ஐ ஒப்பிட்டால் இது 46 சதவீத உயர்வு. அந்தப் பயணங்களில் ஏறக்குறைய பாதி, 500 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். ஒரு மனிதருக்கு இவ்வளவு என்று பார்த்தால் இதைவிட மோசமான பயண முறை கிடையாது. இருந்தாலும் விமானத் துறையின் மொத்த உமிழ்வில் இது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. நாட்டுத் தலைவர்களின் பயணங்கள் அதிலும் ஒரு துளி. உலகத் தலைவர்கள் எல்லோரும் நாளையிலிருந்து கப்பலில் போகத் தொடங்கினாலும் வெப்பமானியில் எந்த வித்தியாசமும் தெரியாது.

சரி, அப்படியென்றால் தலைவரின் பொறுப்பு எங்கே இருக்கிறது? பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 2007 ஜனவரியில் அப்போதைய பிரதமர் டோனி பிளேரிடம், விடுமுறைக்கு நெடுந்தூரம் பறப்பதை விட்டுவிடுவீர்களா என்று தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டார்கள். மக்களிடம் அப்படிக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது, விமானங்களின் எரிபொருள் சிக்கனத்தைக் கூட்டுவதும் புதிய எரிபொருள்களைக் கண்டுபிடிப்பதும்தான் வழி என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. உடனே, தன் குடும்ப விடுமுறைப் பயணங்களின் உமிழ்வை, வேறிடத்தில் உமிழ்வைக் குறைக்கப் பணம் கொடுத்து ஈடுகட்டுவார் என்று அறிவிப்பு வந்தது.

பிளேர் சொன்னதில் பாதி உண்மை. தனி மனிதர்களின் தியாகத்தை நம்பி ஒரு நாட்டின் காலநிலைக் கொள்கையை நடத்த முடியாது. ஒருவர் விட்டுக்கொடுத்த இருக்கையை, விலை குறைந்ததும் இன்னொருவர் வாங்கிவிடுவார். ஆனால் மக்களிடம் கேட்க முடியாது என்றால் சட்டத்தால் செய்ய வேண்டும். அவருடைய அரசு 2003-ல் வெளியிட்ட விமானக் கொள்கை அறிக்கையோ லண்டனைச் சுற்றிப் புதிய ஓடுபாதைகளை ஆதரித்தது. 2006-ல் அமைச்சர் டேவிட் மிலிபேண்ட், ஒவ்வொரு குடிமகனுக்கும் இவ்வளவுதான் என்று கார்பன் பங்கீட்டு அட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். ரேஷன் அட்டையைப் போல, குறைவாகச் செலவழிப்பவர் மிச்சத்தை விற்கலாம். 2008-ல் செலவு அதிகம், மக்கள் ஏற்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அதைக் கிடப்பில் போட்டார்கள். 2007 பிப்ரவரியில் விமானப் பயணிகள் வரியை இரட்டிப்பாக்கியது உண்மைதான். அருகிலுள்ள நாடுகளுக்கு 5 பவுண்டு 10 பவுண்டானது. மலிவுக் கட்டண விமானங்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தொகை யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. தனி மனிதரிடமும் கேட்கவில்லை, அரசும் போதிய அளவு செய்யவில்லை. பிளேர் மீது கோபப்பட வேண்டிய இடம் இதுதான். அவர் குடும்பத்தோடு எங்கே விடுமுறைக்குப் போனார் என்பது சின்ன விஷயம்.

இதே கதை 2021-ல் இன்னும் வெளிப்படையாக நடந்தது. கிளாஸ்கோ காலநிலை மாநாடு அக்டோபர் 31-ல் தொடங்கியது. மாநாட்டுக்கு வந்த பிரதமர் போரிஸ் ஜான்சன் கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வாடகை விமானத்தில் திரும்பினார். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. ஆனால் மாநாட்டுக்கு நான்கே நாள் முன்பு, அக்டோபர் 27-ல், நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் உள்நாட்டு விமானப் பயணிகள் வரியைப் பாதியாகக் குறைத்து பட்ஜெட் போட்டார். 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தபோது 13 பவுண்டு 6.50 ஆனது. ரயிலோடு போட்டி போடும் பயணங்களுக்கே கிடைத்த சலுகை இது. ஒரு பிரதமரின் ஒரு பயணம் சில டன்களோடு முடிந்துவிட்டது. இந்த வரிக்குறைப்பு ஒவ்வொரு நாளும் பயணிகளை ரயிலிலிருந்து விமானத்தின் பக்கம் இழுக்கும் வேலையைச் செய்கிறது. இதில் எது மக்கள் நினைவில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. மெக்சிகோவின் அதிபராக 2018-ல் பதவியேற்ற ஆந்த்ரேஸ் மானுவேல் லோபெஸ் ஒப்ரடோர், அதிபருக்கான போயிங் விமானத்தில் ஏற மாட்டேன் என்றார். சாதாரணப் பயணிகளோடு உட்கார்ந்தே பறந்தார். 2020-ல் அமெரிக்க அதிபரைச் சந்திக்க வாஷிங்டன் போனதும் அப்படித்தான், நடுவில் அட்லாண்டாவில் விமானம் மாறி. அதிபரின் விமானத்தைக் கடைசியில் 2023-ல் தஜிகிஸ்தானுக்கு விற்றார்கள். அவர் இதைச் செய்தது சிக்கனத்துக்காக, காலநிலைக்காக அல்ல. ஒரு நாட்டுத் தலைவர் இப்படியும் பயணம் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதே அதிபர்தான் டபாஸ்கோ மாநிலத்தின் டோஸ் போகாஸில் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டி 2022-ல் திறந்துவைத்தார். பயணச்சீட்டை வைத்து மதிப்பெண் போட்டால் காலநிலையில் அவருக்குத்தான் முதலிடம் கிடைக்கும்!

விமானத்துக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை என்பது பலருக்கும் தெரியாத பழைய கதை. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தம், ஒரு விமானம் தன் கலத்தில் சுமந்துவரும் எரிபொருளுக்கு அது இறங்கும் நாடு வரி விதிக்கக் கூடாது என்றது. போர் முடியாத காலம். விமானத் துறையை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கும். அதன்பின் நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட எண்ணற்ற இருதரப்பு ஒப்பந்தங்கள், இறங்கிய இடத்தில் நிரப்பும் எரிபொருளுக்கும் அந்த விலக்கை நீட்டின. காருக்குப் பெட்ரோல் போடுகிறவர் வரி கட்டுகிறார், நாடு கடந்து பறக்கும் விமானத்தின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியே இல்லை.

1997-ல் உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தம் வந்தபோது, சர்வதேசப் பயணங்களின் உமிழ்வை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது என்று தீர்க்க முடியவில்லை. புறப்பட்ட நாடா, இறங்கிய நாடா, விமான நிறுவனத்தின் நாடா? முடிவில் மான்ட்ரியாலில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டார்கள். அந்த அமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தர 2016 வரை ஆயிற்று. அந்தத் திட்டமும் உமிழ்வைக் குறைக்கச் சொல்லவில்லை; ஓர் அடிப்படை அளவைத் தாண்டி வளர்வதை மட்டும் வேறிடத்தில் ஈடுகட்டினால் போதும் என்கிறது. விமானப் போக்குவரத்து அதிகமுள்ள நாடுகளுக்கு அது கட்டாயமாவதும் 2027-லிருந்துதான்.

இடையில் ஐரோப்பிய ஒன்றியம் துணிந்து ஒன்று செய்தது. 2012-லிருந்து ஐரோப்பாவுக்கு வரும், ஐரோப்பாவிலிருந்து போகும் எல்லா விமானங்களும் உமிழ்வுக்கு அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. சீனாவும் இந்தியாவும் தங்கள் விமான நிறுவனங்களை அதில் சேர வேண்டாம் என்றன. அமெரிக்க நாடாளுமன்றம், தன் நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்படாமல் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. 2012 நவம்பரில் அதில் கையெழுத்திட்டவர் பராக் ஒபாமா. 2015-ல் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட அதே ஒபாமா. ஐரோப்பா பின்வாங்கி, தன் எல்லைக்குள் நடக்கும் பயணங்களோடு திட்டத்தைச் சுருக்கிக்கொண்டது. அதிபரின் விமானம் மணிக்கு எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று கட்டுரை எழுதியவர்கள் நிறைய. இந்தக் கையெழுத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கு இதுதான் மிகுந்த வருத்தம் தருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, தலைவரின் பயணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? கூடாது. காலநிலைக்காகப் பேசுகிறவர் சொந்த வாழ்க்கையில் எவ்வளவு உமிழ்கிறார் என்று தெரியவந்தால், கேட்பவர்களின் நம்பிக்கை மாறுகிறதா என்று ஷஹ்ஜீன் அத்தாரி, டேவிட் கிராண்ட்ஸ், எல்கே வெபர் என்ற மூவர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2016-லும் 2019-லும் வெளியிட்டார்கள். நம்பிக்கை குறைகிறது. அவர் பரிந்துரைக்கும் கொள்கைகளுக்கான ஆதரவும் சேர்ந்தே குறைகிறது. அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு: அவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டார் என்று தெரிந்தால் இழந்த நம்பிக்கையில் பெரும்பகுதி திரும்பிவருகிறது. ஆக, ஒரு தலைவரின் தேவையற்ற பயணம் அவர் நாளை கொண்டுவரப்போகும் நல்ல சட்டத்தையே பலவீனப்படுத்திவிடுகிறது. 2023-ல் துபாய் மாநாட்டுக்கு பிரிட்டன் மன்னரும் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் மூன்று தனித்தனி விமானங்களில் போனார்கள். 2019-ல் ஜெர்மனியின் ஏஞ்சலா மெர்கலும் அவருடைய பாதுகாப்பு அமைச்சரும் ஒரே சமயத்தில் தனித்தனி அரசு விமானங்களில் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். பாதுகாப்பு, நேர அட்டவணை என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் குடிமக்களுக்கு அதில் கேட்பது, கட்டுப்பாடு உனக்குத்தான், எனக்கு இல்லை என்ற குரல்.

பிரான்ஸில் இந்தக் குரலுக்குச் சட்ட வடிவமே கிடைத்துவிட்டது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 150 குடிமக்கள் கூடி விவாதித்து, நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். 2021-ல் வந்த சட்டம் அதை இரண்டரை மணி நேரமாகக் குறைத்தது. 2023-ல் அமலுக்கு வந்தபோது, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்கான சேவைகள் மட்டும்தான் அதில் சிக்கின. தனி விமானங்களை அந்தத் தடை தொடவே இல்லை. சாதாரணப் பயணி ரயிலில் போக வேண்டும், வசதி படைத்தவர் அதே தூரத்தைத் தன் விமானத்தில் கடக்கலாம். இப்படி விதி எழுதினால் மக்கள் காலநிலைக் கொள்கையையே வெறுக்கத் தொடங்குவார்கள்.

தலைவர்கள் பறப்பது எல்லாமே வீண் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். 2015-ல் பாரிஸில், வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இடம்பெற்றதில் பெரும் பங்கு பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளுக்கு உண்டு. அதன் வெளியுறவு அமைச்சர் டோனி டி புரூம் பணக்கார நாடுகளையும் ஏழை நாடுகளையும் ஒரே கூட்டணியில் சேர்த்தார். அப்படிப்பட்ட வேலை நேரில்தான் நடக்கும். கடல் மட்டம் உயர்ந்தால் மூழ்கப்போகும் நாட்டின் அமைச்சரிடம், நீ ஏன் பறந்து வந்தாய் என்று கேட்க முடியுமா? 2021-ல் பெருந்தொற்றால் ஐ.நா. காலநிலைப் பேச்சுகள் மூன்று வாரம் இணையத்தில் நடந்தன. இணைப்பு சரியாகக் கிடைக்காமலும், நள்ளிரவில் விழித்திருக்க வேண்டியும் சிரமப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழை நாட்டுப் பிரதிநிதிகள்தான். அந்த மூன்று வாரத்தில் முறையான முடிவு எதையும் எடுக்கவும் முடியவில்லை. மாநாட்டுக்குப் பறப்பதை நான் ஆதரிக்கிறேன். மூன்று பேர் மூன்று விமானத்தில் பறப்பதைத்தான் ஆதரிக்க முடியாது.

இனி உங்கள் கணக்கு. ஒருவரால் உண்டாகும் மொத்த உமிழ்வைக் குறிக்கும் ‘கார்பன் தடம்’ என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் பரப்பியதில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் தடத்தை நீங்களே கணக்கிடுங்கள் என்று 2000-களின் நடுவில் அது பிரசாரம் செய்தது. அதைக் காட்டி, தனி மனிதப் பொறுப்பு என்பதே ஏமாற்று என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. எண்ணெய் நிறுவனம் சொன்னதாலேயே ஒரு டன் அரை டன்னாகிவிடாது. ஸ்வீடனைப் பாருங்கள். காலநிலைக்காகப் போராடும் இளம்பெண் கிரேட்டா துன்பர்க் 2019-ல் பாய்மரப் படகில் நியூயார்க் போனது உலகச் செய்தியானது. அந்த நாட்டில் பறப்பதற்கே கூச்சப்படும் மனநிலை பரவி, அந்த ஆண்டு உள்நாட்டு விமானப் பயணிகள் சுமார் 9 சதவீதம் குறைந்தார்கள், ரயில்கள் நிரம்பின. ஆக, தனி மனிதர்களின் முடிவு பரவக்கூடியது. ஆனால் அதை நிலைநிறுத்த அரசு வேண்டும். ஸ்வீடன் 2018-ல் கொண்டுவந்த விமான வரியை 2025 ஜூலையில் பிறகு வந்த அரசு நீக்கிவிட்டது.

தூரத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறை போய்வருகிறவர் குற்ற உணர்ச்சியோடு வாழத் தேவையில்லை. ரயிலில் போகக்கூடிய தூரத்துக்கு விமானம் ஏறுவது, காணொளியில் முடியும் ஒரு மணி நேரக் கூட்டத்துக்காகக் கண்டம் தாண்டுவது, வணிக வகுப்பில் போவது ஆகியவற்றில்தான் கைவைக்க வேண்டும். நெடுந்தூரத்தில் வணிக வகுப்பு இருக்கை ஒன்று சாதாரண இருக்கையைப்போல் சுமார் மூன்று மடங்கு இடம் பிடிப்பதால் உமிழ்வும் அதே அளவு கூடுகிறது. மரம் நட்டு ஈடுகட்டுகிறோம் என்ற திட்டங்களை நம்பி மனசாட்சியைத் தூங்கவைக்காதீர்கள். புகை இன்றே காற்றில் சேர்ந்துவிடுகிறது, மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், அது வெட்டப்படாது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

தலைவர்களிடம் கேட்க வேண்டியதையும் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். எதில் வந்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், உள்நாட்டு விமான எரிபொருளுக்கு ஏன் முழு வரி இல்லை என்று கேளுங்கள். அதைத் தடுக்க எந்தச் சர்வதேச ஒப்பந்தமும் இல்லை. புதிய ஓடுபாதைக்கு ஒப்புதல் தந்தால் அதன் உமிழ்வு நாட்டின் இலக்கில் எங்கே பொருந்துகிறது என்று கேளுங்கள். அடிக்கடி பறப்பவருக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் வரி ஏறிக்கொண்டே போகும் முறையை ஏற்கிறீர்களா என்றும் கேட்கலாம். வருடத்தின் முதல் பயணத்துக்கு வரியே வேண்டாம் என்பதால் அந்த முறையில் எளியவர்கள் பாதிக்கப்பட மாட்டார்கள். 2025-ல் செவில் நகரில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படோஸ் உள்ளிட்ட சில நாடுகள் உயர்வகுப்புப் பயணங்களுக்கும் தனி விமானங்களுக்கும் வரி போட ஒன்று சேர்ந்தன. உங்கள் நாடு அதில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்பது தேர்தல் காலத்தில் கேட்கத் தகுந்த கேள்வி.

இன்னொன்றும் உண்டு. மற்றவர்களின் பயணத்தை முடிவு செய்கிற எவரும் அந்த அளவுக்கு விதி எழுதுகிறவர்தான். அலுவலகத்தில் பயணச் செலவுக்கு ஒப்புதல் தருகிறவர், கருத்தரங்கு நடத்தும் பேராசிரியர், கிளைகள் பல உள்ள நிறுவனத்தின் மேலாளர் எல்லோரும் இதில் அடங்குவார்கள். ரயில் இருக்கும் தூரத்துக்கு விமானக் கட்டணம் தர மாட்டோம், வணிக வகுப்புக்கு இடமில்லை, தொலைவில் இருப்பவர் காணொளியில் பேசலாம் என்று நீங்கள் எழுதும் ஒரு பக்க விதிமுறை, உங்கள் சொந்தப் பயணம் ஒன்றைக் கைவிடுவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும். அந்த விதி இயக்குநருக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.